பட்டினிப் பாடு

சின்னமேட்டுக்குப்பத்தின் மாபெரும் போராட்டம் ஆண்டுதோறும் ஆனி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வெடிக்கும்; மாலை ஐந்து மணிக்கு அணையும். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரே ஒரு முறை ஐந்தேகால் ஆனது. அன்று சாத்துக்குடி பிழியும் இயந்திரம் பழுது.

கோரிக்கை ஒன்றுதான். பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. அதைத் திறக்க வேண்டும். கடல் உள்ளே வராவிட்டால் இறால் குஞ்சு வராது. இறால் வராவிட்டால் குப்பத்தில் அடுப்பு எரியாது. இதை விளக்கும் மனு முதல் ஆண்டில் தட்டச்சு செய்யப்பட்டது. அதன் பிறகு தேதியைப் பேனாவால் திருத்தி நகல் எடுக்கிறார்கள். நகலின் நகலின் நகலாகி, இப்போது மனுவில் முகத்துவாரம் என்ற சொல்லும் மணல் மூடியதுபோலத்தான் தெரிகிறது.

ஏரியில் மீன் கிடைக்கும் இடங்கள் குறைவு, வலைக்காரர்கள் அதிகம். அதனால் எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை ஊன்றுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வது அந்தப் பக்கத்து வழக்கம். ஒருவனுக்கு விழும் முறைக்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண்களின் பெயர்ச் சீட்டுகள் அம்மன் கோயிலில் ஒரு மண்சட்டியில் இருக்கும். அது சாமி சட்டி. அதிலிருந்து வந்த பாட்டை மறுப்பவன் ஓராண்டு ஏரியில் கால் வைக்கக் கூடாது. பாட்டில் உட்கார்ந்தவன், அடுத்த சீட்டுக்காரன் வந்து மாற்றும் வரை எழவும் கூடாது.

போராட்டம் தொடங்கிய காலத்தில் உண்ணாவிரதம் இருக்க ஆளாளுக்கு முண்டியடித்தார்கள். அடிதடி வேண்டாமென்று அதற்கும் சீட்டுப் போட்டார்கள். இப்போது யாரும் முன்வராததால் போடுகிறார்கள். பட்டினிப் பாடு என்று அதற்குப் பெயர். அதன் சீட்டுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. அந்த டப்பாவில் பெயர் சேரக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டியதில்லை. பட்டினிக்கு அந்தத் தளர்வு உண்டு.

சட்டியானாலும் டப்பாவானாலும் சீட்டை எடுப்பது அம்மணிதான். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கையால் தடவி இறால் பிடிக்கும் குடும்பங்களைச் சேர்ந்தவள். அவர்களுக்கு வலை இல்லை, வலை இல்லாததால் பாடு இல்லை. சட்டியிலும் டப்பாவிலும் பெயர் இல்லாத காரணத்தால் அவள் நடுநிலையானவள் என்று குழு தீர்மானம் போட்டிருந்தது. பட்டினியை அவர்கள் வீட்டிலேயே, தீர்மானம் இல்லாமல் கவனித்துக்கொண்டார்கள்.

இந்த ஆண்டு அம்மணி எடுத்த சீட்டில் இளவழகன் என்று இருந்தது. வயது இருபத்திரண்டு. பொன்னேரியில் அரசியல் அறிவியல் படித்து முடித்தவன். மனுவை முழுவதும் படித்துப் பார்த்த முதல் ஆள் அவன்தான் என்று பிறகு விசாரணையில் தெரியவந்தது.

*

பந்தலைத் துறைமுகக் கம்பெனி போட்டுக் கொடுத்திருந்தது. தெற்கே அந்தக் கம்பெனி கடலுக்குள் கட்டும் கல்சுவரால்தான் மணல் வந்து முகத்துவாரத்தை மூடுகிறது என்பது குப்பத்தின் குற்றச்சாட்டு. கம்பெனி அதை மதித்தது. பந்தலின் முகப்பில், “எங்களுக்கு எதிரான உங்கள் அறப்போராட்டம் சிறக்க வாழ்த்துகிறோம்” என்று பதாகை கட்டியிருந்தது.

கம்பெனியின் சமூக நல்லுறவு மேலாளர் முரளி முதலில் பேசினார்.

“நாங்கள் எதிர்ப்பை எதிர்ப்பவர்கள் அல்ல. போன வருடம் போராட்டத்தில் காற்று வரவில்லை என்று சொன்னீர்கள். இந்த வருடம் இரண்டு மின்விசிறி கூடுதல். உங்கள் குரல் எங்களுக்கு நன்றாகக் கேட்கிறது. ஒலிபெருக்கியும் நம்முடையதுதான்.”

கைதட்டல் அடங்கியதும் குழுத் தலைவர் கோதண்டம் எழுந்தார். இருபத்தைந்து வயதில், இந்த வருடாந்தரப் போராட்டம் தொடங்கும் முன்பே, இதே கோரிக்கைக்காக, இதே மணலில் ஒன்பது நாள் பட்டினி கிடந்தவர். ஊரில் அவருக்கு ஒம்போது நாள் கோதண்டம் என்றே பெயர். அந்தத் தியாகத்தை முன்னிட்டு, குழுவின் விதி பதினொன்று அவருக்கு ஆயுள் முழுவதும் பட்டினியிலிருந்து விலக்கு அளித்திருந்தது. பிஸ்கட் டப்பாவில் அவர் பெயர் கிடையாது.

“அன்னிக்கி என்கிட்ட இன்னா இருந்துச்சு? ஒரு லுங்கி, ஒரு கொடி. இன்னிக்கி ஆறு டிப்பர், ஒரு பொக்லைன் இருக்குது. யாருக்காக? எனக்காகவா?” என்றார் கோதண்டம். “கம்பெனி உள்ள பூந்து, அவன் கல்ல நம்ம வண்டில ஏத்தி, அவன் சொவத்த நம்ம கையால கட்டி, உள்ளருந்தே அவன ஒழிச்சிக்கினு இருக்கேன். இது லேசுப்பட்ட வேல இல்ல. பொறுமை வேணும்!”

முரளி ஆமோதித்துத் தலையசைத்தார்.

பந்தலுக்குப் பின்னால் பொதுமக்களுக்கு எறா பிரியாணி. மேடையில் இளவழகன் மட்டும் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தான். மணி ஐந்தடித்தது. முரளி சாத்துக்குடிச் சாற்றை அவன் வாயருகே கொண்டுபோனார். கேமராக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

“முகத்துவாரத்தத் தொறந்துட்டாங்களா சார்?” என்று கேட்டான் இளவழகன்.

“யார்?”

“யாராச்சும்.”

முரளி கோதண்டத்தைப் பார்த்தார். கோதண்டம் குனிந்து, “இன்னாடா?” என்றார்.

“கோரிக்க நெறவேற வரைக்கும்னு மனுல எழுதியிருக்குது பெரிப்பா. நெறவேறுச்சானு கேட்டேன்.”

“டேய், கோரிக்க வேற, டைம் வேற. மணி அஞ்சாவுது. குடி.”

“மனுல டைம் போடலியே.”

பிரியாணியைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் கரண்டியை நிறுத்தினார். இருபத்திரண்டு ஆண்டுகளில் இப்படி ஒரு தவறு நடந்ததில்லை. பாதுகாப்புக்கு வந்திருந்த காவலர் ஞானதாஸ் சட்டைப்பையிலிருந்து அனுமதிக் கடிதத்தை எடுத்துப் பிரித்தார்.

“தம்பி, முடியும் நேரம் அஞ்சுனு இருக்குது. அதுக்கு மேல நீ துன்னாம குந்திக்கினு இருந்தா சட்டவிரோதம்.”

“துன்னாம இருக்கறதா சார் சட்டவிரோதம்?”

ஞானதாஸ் நேர்மையானவர். யோசித்தார். “ஊட்டாண்ட போயி துன்னாம இரு. அது பட்டினி. கவர்மெண்டுக்கு ஆட்சேபம் இல்ல. இங்க இருந்தா போராட்டம்.”

பந்தல் ஐந்து மணி வரைக்கும்தான் வாடகை. மறுநாள் ஆரம்பாக்கத்தில் ஒரு காதுகுத்துக்குப் போக வேண்டியது. ஆட்கள் வந்து கம்புகளைப் பிடுங்கினார்கள், பதாகையைச் சுருட்டினார்கள், மேடையைப் பலகை பலகையாகக் கழற்றினார்கள். கடைசிப் பலகையில் இளவழகன் இருந்தான். அவனைத் தூக்கி மணலில் வைத்துவிட்டுப் பலகையை எடுத்துப் போனார்கள்.

செய்தி கேட்டு அவன் அப்பா முத்துராஜ் ஆரஞ்சு மேல்சட்டையோடு ஓடிவந்தார். ஏரி வற்றியதும் படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, ஆறு ஆண்டுகளாகக் கோதண்டத்தின் பொக்லைனை ஓட்டுகிறவர். கம்பெனிச் சுவருக்குக் கல் அடுக்குவது அந்த வண்டிதான்.

“எழுந்து வாடா. அந்தாளு வண்டிலதான் நான் குந்தியிருக்கேன். என் வேலைக்கு வேட்டு வெக்காத.”

“நீயும் அன்னிக்கி அவரோட ஒம்போது நாள் இருந்தியே நைனா.”

“நான் கொட புடிச்சேன்டா. ரெண்டு வேள சோறு துன்னுட்டுத்தான் புடிச்சேன்.”

இளவழகன் எழவில்லை. முத்துராஜ் அங்கே இருந்த துண்டை மகன் தலையில் போட்டுவிட்டு, வண்டிச் சாவியை விரலில் சுற்றியபடி நின்றுகொண்டே இருந்தார்.

*

புதன்கிழமை காலை குழுவின் அவசரப் பொதுக்கூட்டம் கோயில் வாசலில் கூடியது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: “போராட்டத்தின் மாண்பைக் குலைக்கும் விதமாகத் தொடர்ந்து சாப்பிட மறுக்கும் திரு. இளவழகனை இக்குழு வன்மையாகக் கண்டிப்பதோடு, அவர் உடனடியாகச் சாப்பிட வலியுறுத்திக் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை மாபெரும் உண்ணாவிரதம் இருப்பது என்றும் தீர்மானிக்கிறது.”

யார் இருப்பது? சீட்டுத்தான். பிஸ்கட் டப்பாவைத் தேடினார்கள். அது பந்தல் சாமான்களோடு ஆரம்பாக்கம் போயிருந்தது. மணி பத்தாகப் போகிறது, பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள். யாரோ ஒருவர் அவசரத்தில் கோயிலுக்குள்ளிருந்து சட்டியைத் தூக்கிவந்து அம்மணி முன்னால் வைத்தார். அவள் கண்ணை மூடிக் கையை விட்டாள். வெளியே வந்த சீட்டைப் படித்தவர் ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தார்.

கோதண்டம்.

வலையைத் தொட்டுப் பதினைந்து ஆண்டு ஆகியும், ஏரியில் தன் பாட்டை அடுத்தவருக்குக் குத்தகைக்கு விடுவதற்காக அவர் சாமி சட்டியில் பெயரை வைத்திருந்தார். அதை அவரே மறந்திருந்தார்.

“ந்தா அம்மணி, இன்னா சட்டில கைய உட்டே நீ?”

“எனக்கு இன்னா தெரியும் தலைவரே? சட்டினு வெச்சாங்க, உட்டேன். என் பேரு இருந்தாத்தானே எது எந்தச் சட்டினு பாப்பேன்?”

“எனக்கு விதி பதினொன்னு இருக்குது.”

“அது டப்பாவுக்கு. சாமிக்கு ஏது பதினொன்னு?”

கூட்டம் அவரைப் பார்த்தது. சாமி சட்டியை மறுத்தால் ஏரி போகும். ஏரி போனவன் தலைவனாக இருக்க முடியாது. தலைவனாக இல்லாதவனின் டிப்பரைக் கம்பெனி எதற்குக் கூப்பிடும்? இவ்வளவையும் அவர் மூன்று வினாடியில் யோசித்துவிட்டு, மாலைக்குக் கழுத்தை நீட்டினார். எப்படியும் ஏழு மணி நேரம்தானே.

இளவழகனுக்கு எதிரே எட்டடி தள்ளி அவரை உட்காரவைத்தார்கள். எந்தப் பட்டினிக்கு ஆதரவு தருவது என்று முரளி தலைமை அலுவலகத்தைக் கேட்டார். இரு தரப்பையும் சமமாக நடத்துவது கம்பெனியின் கொள்கை என்று பதில் வந்தது. ஆகவே இருவருக்கும் வாழ்த்துப் பதாகையோடு பந்தல் வந்தது. இளவழகன் வேண்டாமென்றதால் அவன் பங்கு மின்விசிறியும் கோதண்டத்தின் பக்கம் திருப்பப்பட்டது. ஞானதாஸுக்கு வேறு சிக்கல். உண்ணாவிரதத்துக்கு விண்ணப்பப் படிவம் உண்டு. உண்ணாவிரதத்துக்கு எதிரான உண்ணாவிரதத்துக்குக் கட்டம் இல்லை. “இதர” என்பதில் டிக் அடித்தார்.

மணி ஐந்து. முரளி சாற்றோடு வந்தார். கோதண்டத்தின் கை தானாக நீண்டது.

“தலைவரே,” என்றாள் அம்மணி. பத்து மணியிலிருந்து அவள் நகரவில்லை. அன்றைக்கு இறால் இல்லை, வேறு வேலையும் இல்லை. “இது சாமி சட்டிப் பாடு. ஆளு மாத்தற வரைக்கும் எழக்கூடாது.”

“மாத்தட்டுமே. வேற சீட்டு எடு.”

“ஒரு பாடு முடியாம சட்டில எப்டி கைய உட்றது? பையன் துன்னணும்னு குந்தியிருக்கே. பையன் துன்னாத்தான் உன் பாடு முடியும்.”

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். விதி அப்படித்தான் இருந்தது. நீண்ட கை திரும்பி வந்து மடியில் படுத்துக்கொண்டது. சாற்றை முரளி சற்று நேரம் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, வீணாக்க வேண்டாமென்று அவரே குடித்தார்.

*

வியாழக்கிழமை காலை, ஒன்பது நாள் கோதண்டம் இருபத்து நாலாம் மணி நேரத்தில் இருந்தார். இளவழகனுக்கு மூன்றாம் நாள். அவன் உதடு வெடித்திருந்தது. பேச்சு மெதுவாக வந்தது. கோதண்டத்துக்கு வயிற்றில் வாயு ஏறி, பேச்சுக்குப் பதில் ஏப்பம் வந்தது. இருவர் நடுவிலும் எட்டடி மணல். சுற்றிலும் ஆள் குறைந்த நேரமாகப் பார்த்து இளவழகன் கேட்டான்.

“பெரிப்பா, அந்த ஒம்போதாம் நாளு இன்னா ஆச்சு?”

“கலெக்டரு லெட்டர் குடுத்தாரு. ஆவன செய்யப்படும்னு. சாறு குடுத்தாங்க. குடிச்சேன்.”

“குடிக்கச் சொல்லோ இன்னா நெனச்சே?”

கோதண்டம் ஏரிப் பக்கம் பார்த்தார். வெடித்த சேற்றில் ஒரு கொக்கு எதையோ தேடிக்கொண்டிருந்தது.

“நல்லா இருக்குதுனு நெனச்சேன்,” என்றார். “மெய்யாலுமே நல்லா இருந்துச்சுடா. அதுக்கு அப்பால எவன் எத்தக் குடுத்தாலும் நல்லாத்தான் இருந்துச்சு.”

பகல் பன்னிரண்டரை மணிக்கு முரளி இரண்டு உறைகளோடு வந்தார். முதல் உறையில் கம்பெனியின் கடிதம்: முகத்துவாரம் தொடர்பாக ஆவன செய்யப்படும். இரண்டாவதில் இளவழகனுக்கு வேலை நியமனம்: இளைஞர் எதிர்ப்பு ஒருங்கிணைப்பாளர்.

“நான் உங்கள எதிர்ப்பேனே சார்.”

“அதற்குத்தான் தம்பி சம்பளம்.”

இளவழகன் நியமனக் கடிதத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். அடியில் அப்பாவின் ஒரு வருட வருமானத்தை விடப் பெரிய எண் ஒன்று இருந்தது. அவனுக்குத் தலை சுற்றியது. பசியாலா எண்ணாலா என்று தெரியவில்லை.

“எத்தினி மணி வரைக்கும் எதிர்க்கணும்?”

“ஒன்பதரையிலிருந்து ஐந்து.”

கடிதத்தை மணலில் வைத்து, காற்றில் பறக்காமல் அதன்மேல் ஒரு கிளிஞ்சலையும் வைத்தான். பிறகு பக்கவாட்டில் மெல்லச் சாய்ந்தான். அம்மணி ஓடிவந்து தலையைத் தாங்கி முகத்தில் தண்ணீர் தெளித்தாள். கண் திறந்தவன் முதலில் செய்தது, வாயில் வேறு எதுவும் ஊற்றிவிட்டார்களா என்று உதட்டை நக்கிப் பார்த்ததுதான்.

இதையெல்லாம் பந்தல் காலுக்குப் பின்னால் நின்று முத்துராஜ் பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோதண்டத்தின் முன்னால் வந்து குந்தினார்.

“ண்ணா.”

“இன்னா முத்து.”

“வண்டி சும்மாத்தான் நிக்குது. லஞ்ச் டைம்.”

கோதண்டம் ஓர் ஏப்பம் விட்டார்.

“அங்கேர்ந்து முகத்துவாரம் அரை கிலோமீட்டரு. மணலு ஒன்னும் பெரிசு இல்ல. நாலு மணிக்குக் கடலு ஏத்தம். அதுக்குள்ள ஒரு வாய்க்கா இழுத்து உட்டா, மிச்சத்தக் கடலே பாத்துக்கும்.”

இருபத்திரண்டு ஆண்டுகளாக அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டிருந்த இயந்திரம், முகத்துவாரத்துக்கு அரை கிலோமீட்டர் தள்ளி, போராட்டக் குழுத் தலைவரின் பெயரிலேயே நின்றது. இது யாருக்கும் தோன்றவில்லையா என்றால், எல்லோருக்கும் தோன்றியிருந்தது. மனுவில்தான் அதற்கு இடமில்லை.

கோதண்டம் பதாகையைப் பார்த்தார். முரளியைப் பார்த்தார். கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தின் நாலாவது பக்கத்தை நினைத்துப் பார்த்தார். சரி என்று சொன்னால் கம்பெனி போகும். வேண்டாம் என்று சொன்னால் இந்தப் பையன் சாப்பிடமாட்டான். இவன் சாப்பிடாதவரை தானும் சாப்பிட முடியாது. எங்கிருந்தோ கருவாடு வறுக்கும் வாசனை வந்தது.

“டீசல் இருக்குதா?” என்று கேட்டார்.

“அரை டேங்க் இருக்குதுண்ணா.”

“ம்.”

இதை அனுமதி என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. முத்துராஜ் அதற்குள் பாதி தூரம் போயிருந்தார்.

*

மூன்றே முக்காலுக்குக் குப்பம் முழுக்க முகத்துவாரத்தில் இருந்தது. இளவழகனை ஒரு கட்டிலிலும் கோதண்டத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியிலும் தூக்கிவந்தார்கள். பாட்டை விட்டு எழக்கூடாது என்றுதான் விதி, தூக்கக்கூடாது என்று இல்லை. முத்துராஜ் கடைசி மணல்திட்டைப் பொக்லைன் கையால் வாரி எறிந்தார். கடல் ஒரு கணம் யோசித்ததுபோல நின்றது. பிறகு முழங்கால் ஆழ வாய்க்காலில் நுழைந்து, இரு கரையையும் தானே இடித்து அகலப்படுத்திக்கொண்டு, நுரையோடு ஏரிக்குள் ஓடியது.

ஞானதாஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “தலைவரே, போராட்டத்துக்குத்தான் அனுமதி வாங்கினீங்க. வெற்றிக்கு வாங்கலியே.”

முரளி தொலைபேசியில், “சார், கோரிக்கை நிறைவேறிவிட்டது. கண்டிப்பதா, வாழ்த்துவதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மணி முதல் ஆளாக இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இரு கையாலும் அடியைத் தடவிப் பார்த்துவிட்டு மேலே வந்தாள். தன் தூக்குச்சட்டியைத் திறந்து கஞ்சியை இளவழகனிடம் நீட்டினாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி இருந்தான்.

“குடிடா!” என்று கத்தினார் கோதண்டம். “ஜல்தியா குடிடா கண்ணு! அப்பால பாரு!”

இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் எழுப்பிய முழக்கங்களில் இவ்வளவு உருக்கமானது வேறில்லை என்று வந்திருந்த நிருபர் ஒருவர் குறித்துக்கொண்டார். இளவழகன் மூன்று மடக்குக் குடித்துவிட்டுச் சட்டியை அவரிடம் கொடுத்தான். அவர் அடிவரை குடித்தார். நன்றாக இருந்தது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

மறுநாள் எல்லாம் சீரானது. முகத்துவாரத்தைத் திறந்தது அடையாளம் தெரியாத பொக்லைன் என்று ஞானதாஸ் பதிவு செய்தார். வண்டியின் உரிமையாளர் என்ற முறையில் கோதண்டம் கம்பெனிக்கு வருத்தக் கடிதம் எழுதினார். தலைவர் என்ற முறையில் குப்பத்துக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். இரண்டையும் ஒரே பேனாவால் எழுதினார். டிப்பர்கள் தப்பின, பொக்லைனைக் கம்பெனி திருப்பி அனுப்பியது. முத்துராஜ் வேலை போய், கவிழ்த்துப் போட்ட படகை நிமிர்த்தினார். ஏரியில் எட்டு மாதம் இறால் இருந்தது. கோரிக்கை நிறைவேறிவிட்டதால் குழுவைக் கலைக்கலாமா என்ற கேள்விக்கு, திறந்தது தற்காலிகமே, நிரந்தரமாகத் திறக்கும்வரை ஓயமாட்டோம் என்று தீர்மானம் நிறைவேறியது. இளவழகன் கொண்டுவந்த திருத்தம் ஒன்றும் உடன் நிறைவேறியது: விதி பதினொன்று நீக்கப்படுகிறது, இனி டப்பா கிடையாது, சாமி சட்டிதான், அதில் கையால் இறால் பிடிப்பவர்களின் பெயரும் சேரும். எதிர்த்து வாக்களிக்கக் கோதண்டம் கையைத் தூக்கினார். எதிரில் அம்மணி நிற்பதைப் பார்த்து அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.

மணலுக்குத் தீர்மானம் தெரியாது. அடுத்த பங்குனியில் முகத்துவாரம் பாதி மூடியது. வைகாசிக் கடைசியில் கோதண்டம் போராட்ட அனுமதி விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து காவல் நிலையத்தில் கொடுத்தார். ஞானதாஸ் மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் பேனாவால் தட்டினார்.

“தொடங்கும் நேரம் ஒன்பதரைனு போட்டுட்டீங்க. முடியும் நேரம் காலியா கெடக்குதே தலைவரே.”

“இருக்கட்டும் சார்,” என்றார் கோதண்டம். “பாடு யாருக்கு உழுதுனு பாத்துட்டு எழுதறேன்.”